பூப்பொட்டலம் கட்டிய அக்கா

நாமக்கல்லிலிருந்து வரும் பஸ் எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்ததும் யாராவது ஒருவர் பெருமூச்சு விட்டு, “சாமி புண்ணியத்துல வந்து சேந்துட்டோம்” என்பார்கள். அக்கா அந்த பஸ்ஸில் இருந்தால் அடுத்த வரி அவருடையதுதான். “டிரைவர் புண்ணியத்துல.” குரலை உயர்த்த மாட்டார். ஜன்னல் பக்கம் பார்த்தபடியே சொல்வார், ஆனால் பஸ் முழுக்கக் கேட்கும். ஒருமுறை டிரைவரே திரும்பாமல் கண்ணாடியில் பார்த்து, “ஏனுங்க்கா, எனக்கே சாமி புண்ணியந்தானுங்க” என்றார்.

“அப்படீன்னா ஸ்டீரிங்க உட்டுட்டு ரெண்டு கையும் கூப்பிக்கிட்டு ஓட்டுங்க, பாக்கலாம்.”

பஸ் சிரித்தது. நான்தான் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. யாராவது யாரையாவது வாயடைக்க வைத்தால் அதைவிட ஆனந்தம் உலகத்தில் இல்லை என்று நினைத்திருந்தேன்.

அக்காவின் பெயரை எழுதப் போவதில்லை. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். பெயரோடு ஒரு வீடியோவும் சுற்றிக்கொண்டிருக்கிறது. அது போதும்.

மலையில் சில ஊர்கள் சேர்ந்தது ஒரு நாடு. வாழவந்தி நாட்டில் எங்கள் ஊர் பஸ் நிற்கும் இடத்தில் ஒட்டினாற்போல் இரண்டு தகரக் கூரைக் கடைகள். ஒன்று அக்காவின் தையல் கடை. மற்றது நான் வேலை பார்த்த இ-சேவை மையம். பி.எஸ்சி. முடித்துவிட்டு, அரசுத் தேர்வுக்குப் படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டு, ஊராருக்குச் சாதிச் சான்றிதழும் வருமானச் சான்றிதழும் விண்ணப்பித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். மலையில் நெட்வொர்க் தன் இஷ்டத்துக்கு வரும், போகும். அது போயிருக்கும் நேரமெல்லாம் அக்காவின் கட்டிங் மேஜைதான் எனக்கு இடம். தகரத் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாலும் அவர் பேசுவது ஒரு சொல் விடாமல் கேட்கும்.

ஒல்லியான உருவம், நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்தில் எப்போதும் இன்ச் டேப். நெற்றியில் எதுவும் கிடையாது. அதைப் பார்த்துவிட்டுப் புதிதாக வருகிறவர்கள் குரலைத் தாழ்த்தி, “ஊட்டுக்காரர் எப்பங்க தவறுனாரு?” என்று கேட்பார்கள். “காலைல டீ குடிச்சுட்டுப் போனாரு. இனிமே ஏதாச்சும் ஆயிருந்தா எனக்குத் தெரியாது” என்பார் அக்கா. அவர் கணவர் மரவள்ளிக் கிழங்கு லோடு ஏற்றப் போகிறவர், அமைதியான மனிதர், சாமி கும்பிடுகிறவர். வீட்டில் அதற்கென்று ஒரு மூலையும் விளக்கும் உண்டு. அக்கா அந்த மூலையைக் கூட்டித் துடைப்பார், கும்பிட மாட்டார்.

அவர் ஏன் இப்படி ஆனார் என்பதற்கு ஊரில் நாலைந்து கதைகள் இருந்தன. முதல் குழந்தை தங்கவில்லை என்று ஒரு கதை. வேண்டுதல் வைத்து ஏமாந்தார் என்று ஒரு கதை. எனக்கோ காரணம் தெரியாமல் தூக்கம் வராது. ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். “சாமி உங்களுக்கு என்னதாங்க்கா பண்ணுச்சு?”

“ஒண்ணும் பண்ணல கண்ணு. அதையேதான நானும் எல்லார்த்துகிட்டயும் சொல்லிக்கிட்டிருக்கறேன்? ஒண்ணுமே பண்ணல.”

அவருக்கு ஒரு கேள்வி உண்டு. ‘அளந்து பாத்தியா?’ அதை வைத்துத்தான் பிழைப்பு என்பதால் வந்த பழக்கமாக இருக்கலாம். “எனக்கு இடுப்பு முப்பதுதானுங்க்கா” என்று வரும் பெண்ணிடமும் அதே கேள்வி, அரசமரத்தில் பேய் பார்த்தேன் என்பவரிடமும் அதே கேள்வி. அளந்தபின் வருகிற எண்ணைத்தான் எழுதுவார். கல்யாணப் பெண் கெஞ்சினாலும் முப்பத்து நாலு முப்பத்து நாலுதான். “பொய் அளவுக்குத் தெச்சா மூச்சு முட்டப் போறது எனக்கா உனக்கா?”

இதெல்லாம் கேட்க வேடிக்கையாக இருக்கும். எங்கள் மாமா இறந்தபோது வேடிக்கையாக இல்லை. மாமாவுக்குக் காய்ச்சல். மூன்று நாள் மந்திரித்துக் கயிறு கட்டிப் பார்த்துவிட்டு நாலாம் நாள் கீழே கொண்டு போனார்கள். பாதி வளைவுகளிலேயே முடிந்துவிட்டது. எழவு வீட்டில் என் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒரு பெரியம்மா, “நல்ல மனுசன், அதான் சாமி சீக்கிரமே கூப்புட்டுக்கிச்சு” என்று அழுதார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, “யாரும் கூப்படல. மூணு நாளு லேட்டு” என்றார்.

அம்மா அதற்குப் பிறகு ஆறு மாதம் அக்காவிடம் பேசவில்லை. ஜாக்கெட்டைக்கூடச் சேந்தமங்கலத்தில் கொடுத்துத் தைத்தார். “அவ சொன்னது நெசம்தான். அதுக்காக அன்னிக்கே சொல்லணுமா?” என்பது அம்மாவின் கேள்வி. நான் அக்காவுக்காக வாதாடினேன். உண்மைக்கு நல்ல நேரம் கெட்ட நேரம் உண்டா என்று வீட்டுக்குள் நின்று பிரசங்கம் செய்தேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார், அவ்வளவுதான்.

ஆனால் அக்கா எல்லா நம்பிக்கையையும் ஒரே தராசில் வைத்தவர் இல்லை. இதை எழுதியாக வேண்டும், ஏனென்றால் அந்த வீடியோவின் கீழே எழுதுகிறவர்களுக்கு இது தெரியாது. மலைக்குக் கீழே இருந்து வேனில் வந்து ஜெபம் செய்த ஆள் ஒருவர், சர்க்கரை நோய்க்காரக் கிழவர் ஒருவரை மாத்திரையை நிறுத்தச் சொன்னபோது, அக்கா வேனை மறித்துக்கொண்டு நின்றார். “சர்க்கரைய அளந்து பாத்தீங்களா? அளக்காம எப்படிங்க கொறஞ்சுதுன்னு சொல்றீங்க?” வேன் போய்விட்டது. கிழவர் மாத்திரையைத் தொடர்ந்தார். அதே வருடம், ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போகும் ஒரு குடும்பத்தின் மிளகை யாரும் வாங்கக் கூடாது என்று சில இளைஞர்கள் பஸ் நிறுத்தத்தில் நோட்டீஸ் ஒட்டினார்கள். நெற்றி நிறையக் குங்குமம், பைக்கில் கொடி, எங்கள் அம்மனுக்கே எப்படிப் படைக்க வேண்டும் என்று பாடம் நடத்துகிறவர்கள். அக்கா கத்தரியோடு போய் நோட்டீஸை நான்காக வெட்டி, பின்பக்கத்தில் அளவு எழுத வைத்துக்கொண்டார்.

“எனக்குச் சாமிய நம்பறவங்ககிட்ட வாய்ச்சண்டதான் கண்ணு. அது ஊட்டுக்குள்ள நடக்கற சண்ட மாதிரி. சாமிக்காவ அடுத்தவன் ஊட்டுக் கதவத் தட்டறானே, அவங்கிட்டத்தான் எனக்குப் பயம். அவனுக்குச் சாமி மேலயும் நம்பிக்க இல்ல. இருந்தா சாமி பாத்துக்கும்னு உட்டுருப்பான்ல?”

அந்த இளைஞர்களில் ஒருவன் பள்ளியில் என்னோடு படித்தவன். அவனை நண்பன் என்றுகூடச் சொல்லலாம். ஒரு காலத்தில் அப்படித்தான் இருந்தான்.

இனி பூவுக்கு வருகிறேன்.

எங்கள் ஊரில் முடிவு தெரியாத காரியங்களுக்கு அம்மனிடம் பூக் கேட்பார்கள். ஒரு வெள்ளை அரளி, ஒரு சிவப்பு அரளி. தனித்தனியாக வாழைச்சருகில் மடித்து, நூல் சுற்றி, அம்மன் முன்னால் போடுவார்கள். கேட்கிற வீட்டுக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுப்பார். வெள்ளை என்றால் உத்தரவு. சிவப்பு என்றால் இல்லை. எடுக்காத பொட்டலத்தைப் பிரிக்கக் கூடாது. அது அம்மனைச் சந்தேகப்படுவது போல. அப்படியே கொண்டுபோய் ஓடையில் விட்டுவிடுவார்கள்.

பொட்டலம் கட்டுவது பூசாரியின் வேலையாகத்தான் இருந்தது. ஒரு பாதைத் தகராறில் அண்ணன் தம்பி இருவர் பூக் கேட்டபோது, ஒரு பொட்டலத்தின் முடிச்சு மட்டும் வேறு மாதிரி இருந்ததைத் தம்பி பார்த்துவிட்டார். கோயில் வாசலிலேயே கைகலப்பு. அப்போது ஊர்க்கவுண்டர், எங்கள் ஊர்ப் பெரியவர், கூட்டத்தில் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த அக்காவைக் கை காட்டினார்.

“பூசாரிக்கு வேண்டியவங்க இருக்கறாங்க. எனக்கும் இருக்கறாங்க. இவ ஒருத்திக்குத்தான் யாரும் வேண்டியவங்க இல்ல, சாமி உட்பட. ஏம்புள்ள, நீ கட்டித் தாரியா?”

சிரிப்பு அடங்க நேரமானது. அக்கா சிரிக்கவில்லை. “கட்டித் தாரனுங்க. ஆனா இது காசு சுண்டிப் போடற மாதிரிதான். அதத் தெரிஞ்சுக்கிட்டுக் கேளுங்க” என்றார்.

“அதெல்லாஞ் செரி, நீ கட்டு.”

துணி மடிக்கிற கை. இரண்டு பொட்டலமும் ஒரே அச்சில் வார்த்தது போல் இருக்கும். கட்டியவருக்கே எது எது என்று தெரியாது. ஒரு கடவுள் மறுப்பாளர் கட்டிக் கொடுக்கிறார் என்றால் இது வெறும் விளையாட்டு என்று தானாகவே எல்லோருக்கும் புரிந்துவிடும், இரண்டு மூன்று முறை சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள், இதுதான் அக்காவின் கணக்கு. எனக்கும் அது அற்புதமான யோசனையாகப் பட்டது. நடந்தது வேறு. அந்த ஊரில் பொட்டலத்தில் கள்ளம் இல்லையாம் என்று பக்கத்து நாட்டுக்காரர்கள் எல்லாம் பூக் கேட்க வர ஆரம்பித்தார்கள். கல்யாணத்துக்கு, கிணறு வெட்ட, மருத்துவத்துக்கு. இரண்டு வருடத்தில் அம்மன் வாக்குக்கு எதிர்ப்பேச்சே இல்லாமல் போய்விட்டது.

“என்ன பண்ணி வெச்சிருக்கறேன் பாத்தியா?” என்றார் ஒருநாள், ஊசியில் நூல் கோத்தபடி. “முன்னாடியாவது பாதிப் பேருக்குப் பூசாரி மேல சந்தேகம் இருந்துச்சு. அந்த ஓட்டைய நானே தெச்சு மூடிட்டேன்.”

“உட்டுருங்க்கா. இனிமே கட்டாதீங்க.”

“நான் உட்டா அடுத்தவன் முடிச்ச மாத்திக் கட்டுவான். அது இதவிட மோசம்.”

எங்கள் ஊருக்கு மருமகளாக வந்த கௌசல்யாவின் விஷயம் வந்தது திருவிழாவில். காப்புக் கட்டிவிட்டால் எட்டு நாள் ஊர்க்காரர் எவரும் எல்லை தாண்டிப் போய் இரவு தங்கக் கூடாது. அதிலும் அந்த வருடம் கரகம் எடுக்கிற முறை கௌசல்யாவின் மாமனார் வீட்டுக்கு. அவளுக்கு ஒன்பதாம் மாதம். புருஷன் போர்வெல் லாரியோடு வடக்கே எங்கேயோ இருந்தான், போன் எடுக்கவில்லை. நாலாம் நாள் மதியம் நர்ஸ் வந்து பார்த்துவிட்டு வாசலிலேயே சத்தம் போட்டார். “பிரஷர் எகிறிக் கெடக்குது. கால் பூராவும் வீக்கம், கண்ணு மங்கலா இருக்குதுங்கறா. இன்னிக்கே கீழ எறங்கணும். நாளைக்குன்னா ரெண்டு உசுருக்கும் நான் பொறுப்பில்ல.”

மாமியார் கெட்டவர் இல்லை. இதையும் எழுதியாக வேண்டும். அழுதுகொண்டுதான் சொன்னார். “என்ற மருமவளுங்க, எனக்கு மட்டும் பதைக்காதா? காப்போட ஊடு எல்ல தாண்டுனா ஊருக்கு ஆகாதுங்கறாங்களே. நாளைக்கு ஒரு புள்ளைக்கு அம்ம போட்டாலும் எங்களத்தான கேப்பாங்க? அம்மா ஒரு வார்த்த சொல்லட்டும், நானே தூக்கிக்கிட்டு ஓடறேன்.”

அக்கா வந்து ஊர்க்கவுண்டரிடம், பூசாரியிடம், மாமனாரிடம், ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சண்டை போட்டார். “நர்ஸு அளந்து பாத்துட்டுச் சொல்றாங்க. அப்பறம் பூ எதுக்கு? செகப்பு வந்தா என்ன பண்ணுவீங்க?”

ஊர்க்கவுண்டர், “நேரமாவுது. நீ பொட்டலத்தக் கட்டு புள்ள” என்றார்.

கோயிலுக்குப் பின்னால் அரளிச் செடிகள். நான் சருகையும் நூலையும் பிடித்துக்கொண்டு கூடப் போனேன். அக்கா ஒரு வெள்ளையும் ஒரு சிவப்பும் பறித்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றார். அங்கிருந்து பார்த்தால் பந்தக்காலில் சாய்ந்து உட்கார்ந்திருந்த கௌசல்யா தெரிந்தாள். கண்ணைக் கசக்கிக் கசக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அக்கா சிவப்பைக் கீழே போட்டார். காலால் அதன்மேல் மண்ணைத் தள்ளினார். இன்னொரு வெள்ளையைப் பறித்தார்.

“நூலக் குடு.”

அன்றைக்கு முடிச்சுப் போட அவருக்கு மூன்று தடவை ஆயிற்று. எனக்கோ உள்ளே குதூகலம். ஒரு பெரிய ரகசியத்தில் பங்கு கிடைத்த குதூகலம். நினைத்தால் இப்போது கூசுகிறது.

மாமியார் கண்ணை மூடி எடுத்தார். பூசாரி பிரித்தார். வெள்ளை. குலவை எழுந்தது. மாமியார் சொன்ன சொல்படி உண்மையாகவே ஓடினார், ஜீப்புக்கு. மிச்சப் பொட்டலம் பிரிக்கப்படாமல் ஓடைக்குப் போயிற்று. அன்று சாயங்காலமே கீழே ஆஸ்பத்திரியில் அறுத்து எடுத்தார்கள். பெண் குழந்தை. இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் வலிப்பு வந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக நர்ஸ் போனில் சொன்னார்.

நான் துள்ளிக்கொண்டு அக்காவிடம் போனேன். அவர் மிஷினில் கை வைத்தபடி சும்மா உட்கார்ந்திருந்தார். “பொழச்சுட்டாளா? நல்லது” என்றார். பிறகு, “யாருகிட்டயும் சொல்லாத” என்றார். எதையும் மறைக்காத அந்த மனுஷி என்னிடம் மறைக்கச் சொன்னது அது ஒன்றுதான். அன்றிலிருந்து யாரிடமும் அவர் ‘அளந்து பாத்தியா’ என்று கேட்டு நான் கேட்கவில்லை. பொட்டலம் கட்டவும் மறுத்துவிட்டார். காரணம் கேட்டவர்களிடம், “மாட்டேன்னா மாட்டேன்” என்றார்.

இரண்டு வாரம் நான் வாயைக் கட்டிக்கொண்டிருந்தேன். இரண்டே வாரம்.

என்னோடு படித்தவன் இன்னும் இரண்டு பேரோடு மையத்துக்கு வந்தான். பேனர் அடிக்க வேண்டும், அதற்கு எழுத்துத் தட்டச்சுச் செய்து தர வேண்டும். “என்ன மேடம், நாத்திக ஆபீஸ்ல சாமி பேரு அடிச்சுத் தருவீங்களா?” என்று சிரித்தான். விஷயம் இதுதான்: அம்மன் உத்தரவு கொடுத்துத் தாயையும் சேயையும் காப்பாற்றிய அற்புதம். நான் அடித்துக்கொண்டே, “ஆஸ்பத்திரியப் பத்தி ஒரு வரி கூடவா இல்ல?” என்றேன்.

“ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னது யாரு? அம்மா. அதும் பாரு, சாமி இல்லைங்கற அந்தம்மா கட்டுன பொட்டலத்துலயே அம்மா வெள்ளைய வர வெச்சுது. மூக்கறுத்துடுச்சுல்ல?”

“ரெண்டுமே வெள்ளடா. வேற என்ன வரும்?”

அவன் முகத்தில் சிரிப்பு மெதுவாகப் போய், வேறொரு சிரிப்பு வந்தது.

தடுப்பைச் சுற்றி ஓடி அக்காவிடம் நானே சொன்னேன். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். “நெசத்தத்தான சொல்லியிருக்கற” என்று மட்டும் சொல்லிவிட்டு, பட்டன் துளைக்குக் காஜா எடுக்கக் குனிந்துகொண்டார்.

சாயங்காலம் ஊர்க்கவுண்டரே கடைக்கு வந்தார். பின்னால் பத்துப் பேர். “ஏம்புள்ள, அன்னிக்கு ரெண்டும் வெள்ளையா?”

அவர் கேட்ட தோரணையே ‘இல்லை என்று சொல்லிவிடு’ என்பது போல் இருந்தது. பொட்டலம் ஓடையோடு போய்விட்டது. சாட்சி நான் ஒருத்தி, என் வாயை யார் மதிப்பார்கள்? ஒரே ஒரு ‘இல்லீங்க’ போதும். நான் தடுப்புக்குப் பின்னால் நின்றேன்.

“ஆமாங்க” என்றார் அக்கா.

“ஏன்?”

“செகப்பு வந்திருந்தா அவள அனுப்பியிருப்பீங்களா?”

ஊர்க்கவுண்டர் திரும்பிப் போனார். ஊர் கூடித் தீர்ப்புச் சொன்னது. உத்தரவு இல்லாமலே காப்பு வீடு எல்லை தாண்டியிருக்கிறது, திருவிழா தீட்டாகிவிட்டது, குழந்தையை அம்மன் ஏற்கவில்லை. பரிகாரம் தெரியும்வரை அந்தக் குழந்தை ஊருக்குள் வரக் கூடாது. கௌசல்யா ஆஸ்பத்திரியிலிருந்து பேளுக்குறிச்சியில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். புருஷன் போனில் கூப்பிட்டு, பெரியவங்க சொல்றபடி நட என்றான்.

இரண்டாம் மாதம் காலை பஸ்ஸில் அவள் குழந்தையோடு வந்தாள். ஊருக்குள் போகவில்லை. பஸ் நிறுத்தம் எல்லைக்கு வெளியே என்று கணக்குப் பண்ணிக்கொண்டு நேராகத் தையல் கடைக்குள் வந்து, தரையில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க்கா, இப்பிடிப் பண்ணிட்டீங்க?”

அக்கா மிஷினை நிறுத்தினார். “நீ உசுரோட இருக்கற. புள்ள உசுரோட இருக்குது.”

“இருக்கறனுங்க. ஆனா இதுக்கு ஒரு தும்மல் வந்தாக்கூட எனக்கு ஒடம்பு நடுங்குதுங்க. அம்மா கோவம்னு தோணுது. எங்கத்த இன்னும் இதத் தொட்டுத் தூக்கல. பேரு வெக்கல. நான் உங்களாட்ட இல்லீங்க்கா. எனக்குச் சாமி வேணும். என்ற புள்ளைக்கும் வேணும்.”

“வேண்டாம்னு நான் சொல்லலியே சாமி” என்றார் அக்கா. மலையில் எல்லோரும் குழந்தைகளையும் பெரியவர்களையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். அக்கா அந்த வார்த்தையால் ஒருவரைக் கூப்பிட்டு நான் கேட்டது அன்றுதான்.

“உங்களக் கோயிலுக்கு வந்து உழுந்து கும்புட்டுத் தப்ப ஒத்துக்கச் சொல்றாங்க. அப்பறம் புதுசா பூக் கேப்பாங்களாம். நீங்க மாட்டீங்கன்னு எல்லாருஞ் சொன்னாங்க. நானாக் கேட்டுப் பாக்கலாம்னு வந்தனுங்க.”

குழந்தை அழுதது. கௌசல்யா திரும்பி உட்கார்ந்து பால் கொடுத்தாள். அக்கா அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தார். “ஜாக்கெட்டு இறுக்குது. வேற ஒண்ணு தாரேன், இதக் கழட்டிக் குடுத்துட்டுப் போ, பிரிச்சு உட்டுத் தாரேன்” என்றார்.

நான் அன்று முழுக்க அவரோடு வாதாடினேன். போகாதீர்கள், போலீசுக்குப் போகலாம், கலெக்டருக்கு மனு நான் அடித்துத் தருகிறேன், ஆன்லைனிலேயே போட்டுவிடலாம். அக்கா கேட்டுக்கொண்டே தையலைப் பிரித்தார். “கலெக்டர் வந்து அந்தக் கெழவி கையில புள்ளயக் குடுத்துட்டுப் போவாரா?” என்றார் கடைசியில்.

வெள்ளிக்கிழமை போனார். குளித்து, வெறும் காலோடு. அவர் கணவர் கூடவே நடந்தார். கோயில் வாசலில் ஊர் நின்றது. கௌசல்யா குழந்தையோடு, சற்றுத் தள்ளி இருக்கும் ஊர் எல்லைக் கல்லுக்கு அந்தப் பக்கம். என்னோடு படித்தவன் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு முன்வரிசையில்.

“உழுந்து கும்புடு புள்ள” என்றார் ஊர்க்கவுண்டர். அவர் குரலில் வெற்றி எதுவும் இல்லை.

“உழுந்தா, பூக் கேக்காம இந்தப் புள்ளய ஊட்டுல சேத்துக்குவீங்களா?”

“அதெப்படி? அம்மாகிட்டக் கேக்காம...”

“கேட்டுச் செகப்பு வந்தா? மறுக்கா புள்ள வெளியவா? பூ வேண்டாம். தப்பு என்னுதுன்னு நானே சொல்றேன். என்னோட முடிச்சுக்கோங்க.”

முணுமுணுப்பு. பூசாரி ஏதோ சொல்ல வந்தார். மாமியார் கூட்டத்திலிருந்து, “அது போதுங்க, அது போதும்” என்று கத்தினார். ஊர்க்கவுண்டர் அம்மனைப் பார்த்தார், எல்லைக் கல்லைப் பார்த்தார், தலையசைத்தார்.

அக்கா விழுந்தார். நெடுஞ்சாண்கிடையாக, நெற்றி கல்லில் படும்படி. “ரெண்டும் வெள்ள வெச்சுக் கட்டுனது நாந்தான். வேற யாருக்கும் இதுல பங்கில்ல” என்றார் தெளிவாக. எனக்கும் பங்கு இல்லை என்று சொல்லிவிட்டார் என்பது வீட்டுக்கு வந்தபின்தான் எனக்கு உறைத்தது. எழுந்தபோது நெற்றியில் குங்குமமும் மண்ணும் ஒட்டியிருந்தன. துடைத்துக்கொள்ளவில்லை. மாமியார் ஓடிப்போய்க் குழந்தையை வாங்கினார். அதன் கன்னத்தில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதார். அதைப் பார்த்தபோது எனக்கும் அழுகை வந்தது, பொய் சொல்ல மாட்டேன்.

அடுத்த நாள் காலைக்குள் வீடியோ மலை முழுக்கச் சுற்றிவிட்டது. அக்கா பேசிய பகுதியை வெட்டிவிட்டார்கள். கேட்ட கேள்வி இல்லை, குழந்தை இல்லை, எல்லைக் கல் இல்லை. உடுக்கைச் சத்தத்தோடு ஒரு பெண் விழுகிறார், நெற்றியில் குங்குமத்தோடு எழுகிறார், அவ்வளவுதான். ‘கடவுள் இல்லை என்றவள் அம்மன் காலடியில்’ என்று எழுத்து ஓடியது. அக்காவின் பெயரும் ஊரும் கீழே.

அக்கா இப்போதும் சாமி இல்லை என்றுதான் சொல்கிறார். யாரும் சண்டைக்கு வருவதில்லை. “போங்க்கா, உங்களத்தான் பாத்தமே” என்று சிரித்துவிட்டு, போனை ஒரு தட்டுத் தட்டிக் காட்டுகிறார்கள். நெருப்பாக நின்று வாதாடிய பூசாரியே இப்போது அவரைப் பார்த்தால் அன்பாகத் தலையாட்டுகிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நான் சேலத்துக்கு வேலைக்குக் கிளம்பும் முன் கடைசி வாரம் அது. நெட்வொர்க் நன்றாக இருந்தது. வீடியோவின் கீழே நடந்ததை எல்லாம் வரி வரியாக எழுதினேன். பூ, பிரஷர், எல்லைக் கல், பேரம், எல்லாம். போனை அக்காவிடம் நீட்டி, “போட்டுரட்டுங்களா?” என்றேன்.

அக்கா முழுதும் படித்தார். நிதானமாக, உதடு அசைய.

“அழிச்சுரு.”

“அக்கா, இது அத்தனையும் உண்மை!”

“ஆமா. இதப் படிச்சுட்டு, மனசார உழுவல, பேரம் பேசித்தான் உழுந்தான்னு மறுக்கா அந்தப் புள்ளய வெளிய வெப்பாங்க. நீ ஒருதரம் உண்ம சொன்னது போதும் கண்ணு.”

அழித்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார், கடைசி எழுத்து போகும்வரை.

அவர் மறுபடி மிஷினை மிதிக்க ஆரம்பித்தபோது ரோட்டில் கௌசல்யாவின் மாமியார் பேத்தியை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார். கோயிலுக்குப் போகிறார் போல, கையில் தேங்காய்ப் பை. குழந்தை தலையைத் தானாகவே நிமிர்த்தி, கடைக்குள் ஓடிக்கொண்டிருந்த மிஷினைப் பார்த்தது. அக்கா காலை நிறுத்திவிட்டுச் சிரித்தார். “கழுத்து நல்லா நின்னுருச்சு பாரு” என்றார் என்னிடம்.

மாமியார் அக்கா பார்ப்பதைப் பார்த்துவிட்டார். முந்தானையை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு, நடையை எட்டிப் போட்டார்.